விருது வாங்கிய நாடகாசிரியர் திரைக்கதையில் ஏன் தடுமாறுகிறார்?

"நாடகத்துக்குப் பரிசு வாங்கியவர் அதே நாடகத்தைத் திரைக்கதையாக்கும்போது ஏன் சொதப்புகிறார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் நாடகத்தையே யாரோ படமாக்கக் கேட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

வசனம் அதிகம் என்பார்கள். அது பாதிக் காரணம்தான். மேடையில் காட்ட முடியாததை, அதாவது முன்பு நடந்தது, வெளியே நடந்தது, மனசுக்குள் ஓடுவது எல்லாவற்றையும் யாராவது வாயால் சொல்லித்தான் ஆகவேண்டும். கேமரா வந்த பிறகும் அந்த வசனம் நின்றால் ஒரே சேதி இரண்டு தடவை வரும்.

அதனால் எழுத உட்காருமுன் நாடகப் பிரதியில் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். வெளியே நடந்ததைச் சொல்லும் வரி, மனதைத் திறக்கும் வரி, எதிராளியை அசைக்கப் பேசும் வரி. மூன்றாவது வகை பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். முதல் வகை காட்சியாகும், இல்லாவிட்டால் வெட்டுப்படும். இரண்டாவதுதான் பாடாய்ப் படுத்தும்.

இதற்குப் பீட்டர் ஷாஃபரின் 'அமேடியஸ்' நல்ல பாடம். நாடகம் 1979, படம் 1984. மோட்சார்ட்டின் மேல் பொறாமைப்படும் இசையமைப்பாளர் சாலியேரி, மேடையில் நேராகப் பார்வையாளர்களிடம் பேசுவார். படத்தில் அந்தப் பேச்சைக் கேட்க எதிரே ஓர் இளம் பாதிரியாரை உட்கார வைத்தார்கள். கேட்கக் கேட்க அவர் முகம் வாடுவதே காட்சியாகிவிட்டது. தழுவல் திரைக்கதைக்கான ஆஸ்கர் ஷாஃபருக்கே கிடைத்தது.

அடுத்த தவறு, வரவேற்பறைப் பேச்சைக் காருக்கும் பூங்காவுக்கும் மாற்றிவிட்டு 'சினிமா ஆகிவிட்டது' என்று நினைப்பது. இடம்தான் மாறும், காட்சி மாறாது. மறதி நோயில் தவிக்கும் முதியவரின் கதையான ஃப்ளோரியன் ஸெல்லரின் 'தி ஃபாதர்' (நாடகம் 2012, படம் 2020) பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடக்கிறது. மேடையில் காட்சிக்குக் காட்சி மேசை நாற்காலிகள் குறைந்துகொண்டே போகும். படத்தில் அதே வீட்டின் சுவர் நிறமும் சாமான்களும் நமக்குத் தெரியாமலே மாறுகின்றன. மறதியை வசனம் சொல்லவில்லை, வீடு சொல்கிறது. வெளிப்புறக் காட்சியே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். காரணம் இருந்தால் தாராளமாகப் போங்கள்.

அளவு: 12 புள்ளி கூரியர் (தட்டச்சு இயந்திர எழுத்துப் போன்ற எழுத்துரு) எழுத்தில் ஒரு பக்கம் சுமார் ஒரு நிமிடம், மொத்தம் 90 முதல் 120 பக்கம். ஒரு காட்சி ஐந்து பக்கம் தாண்டினால் உள்ளே வருவது, உட்காருவது, நலம் விசாரிப்பது எல்லாம் அப்படியே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மேடையில் நடிகர் வந்து சேர நேரம் வேண்டும். படத்தில் சண்டையின் நடுவிலேயே காட்சியைத் தொடங்கலாம்.

ஒப்பந்தத்தையும் கவனியுங்கள். நாடகத்தில் உங்களைக் கேட்காமல் ஒரு வரியை மாற்றுவது முறையல்ல. திரைக்கதை உரிமையோ வழக்கமாகத் தயாரிப்பாளருக்குப் போய்விடும், வேறொருவரை வைத்துத் திருத்தலாம். ஆகவே மேடையேற்றும் உரிமை உங்களிடமே இருக்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். படமாக்கும் உரிமையைத் தயாரிப்பாளர் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கும் காலத்துக்கும் (பெரும்பாலும் 12 அல்லது 18 மாதம்) முடிவுத் தேதி போடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாவிட்டாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. நாடகச் சுவரொட்டியில் எழுதியவர் பெயர் பெரிதாக இருக்கும். பட விளம்பரத்தில் அதைப் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. எந்த அளவில், யார் பெயருக்குப் பக்கத்தில் என்பதையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள்.