கான்கிரீட் மதிலை வெட்டி கேட் வைக்கலாமா?

கேள்வி: எங்கள் காம்பவுண்ட் சுவர் கம்பி கட்டி வார்த்த கான்கிரீட். 6 அங்குலக் கனம், 5 அடி உயரம். கார் நுழைய 10 அடி வெட்டி, ஒற்றைக் கதவாக இரும்பு கேட் போட ஆசை. வெட்டிய சுவரிலேயே கீல்களைப் பதித்து மாட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: தாராளமாக வெட்டலாம். ஆனால் வெட்டிய ஓரத்தில் கேட்டை மாட்டாதீர்கள்.

10 அடி இரும்பு கேட் 200 கிலோ இருக்கிறது என்று வையுங்கள். அதன் எடை கீலிலிருந்து 5 அடி தள்ளி நிற்கிறது. இரண்டு கீல்களுக்கும் இடையே 4 அடி என்றால், மேல் கீல் சுவரைப் பக்கவாட்டில் ஏறக்குறைய 250 கிலோ இழுக்கும். கேட் மூடியிருக்கும்போது இந்த இழுப்பு சுவரின் நீளவாக்கில் போய்விடும். திறந்ததும் சுவருக்குக் குறுக்கே திரும்பும். 6 அங்குலச் சுவர் பலவீனமாக இருப்பது அந்தத் திசையில்தான். அதே கேட்டை 5 அடியில் இரட்டைக் கதவாகப் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் இழுப்பு 60 கிலோ சொச்சம்தான். என் யோசனை இரட்டைக் கதவு.

அப்படியானாலும் இரு பக்கமும் தனி அஸ்திவாரத்தோடு 9 அங்குலத் தூண் வேண்டும், 12 மி.மீ. கம்பி நான்கு, அவற்றைச் சுற்றிக் கட்ட 6 அங்குலத்துக்கு ஒரு ரிங் (கம்பி வளையம்). குழியின் ஆழத்தை மண்ணைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். களிமண் என்றால் கூடுதலாகத் தோண்டச் சொல்லுங்கள். கேட்டுக்கு 10 அடி போக தூண்களுக்கும் இடம் தேவை, எனவே வெட்டு 12 அடிக்குச் சற்றுக் குறைவாக வரும். தூணுக்கும் பழைய சுவருக்கும் நடுவே அரை அங்குலம் தெர்மாகோல் வைத்துவிட்டால், தூண் லேசாக அசைந்தாலும் சுவர் விரிசல் விடாது.

வெட்டும் முன் ஒன்று பாருங்கள். உள்ளே மண் மட்டம் தெருவைவிட நன்றாக உயர்ந்திருந்தால் அது வெறும் மதில் இல்லை, மண்ணைத் தாங்கும் சுவர். பொறியாளர் வந்து பார்க்காமல் அதில் கை வைக்கக் கூடாது. ஈபி கேபிள், தண்ணீர்க் குழாய் போகும் இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சுத்தியலால் உடைக்க விடாதீர்கள், மிச்சச் சுவரும் அதிரும். டைமண்ட் பிளேடு மெஷினில் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். உலர்ந்த கான்கிரீட் தூசி நுரையீரலைக் கெடுக்கும்; வெட்டுபவருக்கு முகக்கவசமும் கண்ணாடியும் கட்டாயம். 9 அங்குல பிளேடு ஒரு பக்கம் 6 செ.மீ. அளவுக்குத்தான் இறங்கும். இரு பக்கமும் ஒரே கோட்டில் வெட்டி, நடுவில் மிஞ்சும் 3 செ.மீ.யைச் சிறிய பிரேக்கரால் உடைக்கலாம். இந்தச் சுவர் ஒரு சதுர அடிக்கே 35 கிலோ வரும். அதனால் மேலிருந்து கீழாக, இரண்டு பேர் தூக்கும் அளவுத் துண்டுகளாக எடுக்க வேண்டும். அடியில் சுவரின் நீளத்துக்கு ஓடும் கான்கிரீட் பட்டையான பெல்ட் பீமை முடிந்தவரை வெட்டாமல் விட்டு, அதன் மேல் தரை மட்டம் வருமாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓரத்தில் வெட்டுப்பட்டுத் தெரியும் கம்பி முனைகளை அப்படியே விட்டால் துருவேறி ஊதி, கான்கிரீட்டைப் பிளக்கும். ஒரு அங்குலம் உள்ளே தள்ளி வெட்டி, துரு தடுக்கும் பூச்சு அடித்து, நல்ல சிமெண்ட் கலவையால் மூடுங்கள்.

தூண்களை 7 நாளாவது நனைத்து, மூன்று நான்கு வாரம் கழித்தே கேட்டை மாட்டுங்கள். கதவு உள்பக்கம் திறக்கட்டும். வாசலில் மழைநீர்க் கால்வாய் இருந்தால், அதன்மேல் சாய்தளம் போட உள்ளாட்சி அலுவலகத்தில் அனுமதி கேட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.