பழைய சின்தசைசர்களுக்கான (மின்னணு இசை கீபோர்டுகளுக்கான) ஒரு சின்ன துணைக்கருவியை 50, 60 எண்ணம் மட்டும் தயாரிக்க வேண்டும். முதலீட்டுப் பணத்தை எப்படித் திரட்டுவது? இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்க்கும் கிரவுட்ஃபண்டிங் சரிவருமா? இதுதானே உங்கள் கேள்வி.

நான் கோபிக்காரன். கோயம்புத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் வேலை. 2021-ல் இதே மாதிரி ஒரு கருவியை 60 எண்ணம் செய்து விற்றேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

எங்கள் பக்கம் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராக்களில் ரோலண்ட் எக்ஸ்பி-50, எக்ஸ்பி-80 கீபோர்டுகள் இன்னும் ஓடுகின்றன. 1995, 96-ல் வந்த மாடல்கள். கீபோர்டு நன்றாகவே இருக்கும், அதிலுள்ள ஃப்ளாப்பி டிரைவ்தான் முதலில் போகும். சோனி 2011-லேயே ஃப்ளாப்பி விற்பனையை நிறுத்திவிட்டது. ஃப்ளாப்பி இடத்தில் பென் டிரைவ் போடும் எமுலேட்டர் பெட்டிகள் சந்தையில் கிடைக்கின்றன. ஆனால் அவை கீபோர்டின் துளைக்குச் சரியாக உட்காராது, மேடை இருட்டில் எந்த டிஸ்க் எண்ணில் இருக்கிறோம் என்றும் தெரியாது. அதற்குத்தான் டிஸ்ப்ளேயோடு ஒரு போர்டும், பாடியை அறுக்காமல் மாட்டுகிற ஒரு தகடும் செய்தேன். உள்ளே ஓடுவது ஃப்ளாஷ்ஃப்ளாப்பி என்ற மென்பொருள். அதை எழுதியவர் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அதனால் மென்பொருளுக்கு எனக்குச் செலவே இல்லை.

இப்போது பணம். கிரவுட்ஃபண்டிங் தளமான கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து நேரடியாகத் திட்டம் தொடங்க முடியாது. வெளிநாட்டில் கம்பெனி வைத்தோ, அங்கிருக்கும் சொந்தக்காரர் பெயரிலோதான் போக வேண்டும். 60 பேருக்கான பொருளுக்கு அது வேண்டாத அலைச்சல். வங்கியில் முத்ரா கடன் கேட்கலாம், சிசு பிரிவில் 50,000 வரை, கிஷோரில் 5 லட்சம் வரை. மத்திய அரசின் நிதி-பிரயாஸ் திட்டத்தில் மாதிரி செய்ய 10 லட்சம் வரை மானியம் உண்டு. ஆனால் அது வளர்ந்து பெருகக்கூடிய பொருளுக்கு. நம் பொருள் வளராது. கீபோர்டே இனிமேல் வராது, இருப்பவை வருடா வருடம் குறைந்துகொண்டே போகும். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் எவ்வளவு கடன் வாங்கலாம் என்று முடிவெடுக்க வேண்டும்.

நான் செய்த தப்பு, 2 லட்சம் சீட்டை மூன்றாவது மாதமே 52,000 தள்ளி எடுத்தது. கைக்கு வந்தது 1,48,000. அப்படிச் சீட்டு எடுப்பது, போட்ட பணம் மெதுவாகத் திரும்பக்கூடிய தொழிலுக்குச் சரி. ஒரே ஒரு முறை 60 எண்ணம் செய்து முடித்துவிடுகிற வேலைக்கு அவ்வளவு தள்ளி எடுத்தது அதிகம். சொந்தப் பணமோ, வட்டியில்லாத கைமாத்தோ இருந்தால் மட்டும் மாதிரிச் செலவில் இறங்குங்கள்.

மீதிப் பணத்தை வாசிக்கிறவர்களிடம்தான் வாங்க வேண்டும். எப்போது வாங்குவது என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெருந்துறைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அண்ணன். எக்ஸ்பி-80-ஐப் பழைய போர்வையில் சுற்றி ஆம்னி வேனில் கொண்டுவந்தார். கூடவே பிஸ்கட் டப்பா நிறைய ஃப்ளாப்பி. சிலவற்றில் ஷட்டரை நகர்த்தினால் உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. முன்பணம் என்று நான் வாயைத் திறந்ததும், "ஏனுங் தம்பி, மொதல்ல என்ற பொட்டியில ஓடட்டுமுங்க, அப்பறம் காசு பேசலாம்" என்றார். அன்றைக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. அடுத்த வாரம் இன்னொருவருடைய கீபோர்டில் மாட்டியபோது டிஸ்க் தயாராக இல்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஃப்ளாப்பி டிரைவின் கேபிளில் 34-ஆவது பின்னில் கம்ப்யூட்டர் டிரைவ் டிஸ்க் மாறியதா என்ற சிக்னலைத் தரும். பல பழைய கருவிகள் அதே பின்னில் ரெடி சிக்னலை எதிர்பார்க்கும். என் போர்டில் அதை மாற்றிப் போடுகிற ஜம்பர் இணைப்பே இல்லை. 60 பேரிடம் பணம் வாங்கி போர்டும் அடித்திருந்தால் என் கதை என்னவாகியிருக்கும்?

தகடும் அப்படித்தான். 3.5 அங்குல டிரைவின் முகப்பு 101.6 மில்லிமீட்டர் அகலம், 25.4 உயரம். அந்த அளவையே ஆவாரம்பாளையத்தில் லேசர் கட்டிங்குக்குக் கொடுத்தேன். பவுடர் கோட்டிங் ஆனதும் தடிமன் ஏறி, துளைக்குள் போகாமல் இறுகிக்கொண்டது. கட்டிங் போடுகிறவர் விரலால் ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட்டுக்கு எடம் உட்டீங்களா தம்பி?" என்று கேட்டார். விட்டிருக்கவில்லை. மூன்றாவது மாதிரிதான் உட்கார்ந்தது. மாதிரிகளுக்கு மட்டும் 46,000 போனது.

ஒன்றுக்கு அடக்கம் 2,300 என்று கணக்குப் போட்டு 3,600 விலை வைத்தேன். 41 பேர் 1,500 முன்பணம் தந்தார்கள், 61,500 சேர்ந்தது. அந்த வருடம்தான் சிப் தட்டுப்பாடு. போர்டிலிருந்த எஸ்டிஎம்32 சிப்புக்கு ஒன்றுக்கு 600 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டியதாயிற்று. 60-க்கு 36,000. மொத்தச் செலவு 2,20,000, வரவு 2,16,000. என் உழைப்புக்கு ஒரு பைசா இல்லை, கையிலிருந்து 4,000 வேறு. சீட்டில் தள்ளிய 52,000 இந்தக் கணக்கில் சேரவில்லை. போதாததற்கு போர்டு அசெம்பிளி செய்தவர் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு மூன்று மாதம் இழுத்தார்.

அப்போது என்னைக் காப்பாற்றியது ஒன்றே ஒன்று: முன்பணத்தைத் தனி வங்கிக் கணக்கில் தொடாமல் வைத்திருந்தேன், மற்ற செலவெல்லாம் சீட்டுப் பணத்தில். ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, வேண்டுமானால் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். நான்கு பேர் வாங்கிக்கொண்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

இரண்டாவது முறை 40 எண்ணம். பெயர் பதிய 500. அந்தந்த மாடல் வைத்திருப்பவர் ஒருவருடைய கீபோர்டில் போர்டு ஓடுவதை வீடியோ எடுத்துக் காட்டிய பிறகு 1,500. அனுப்புவதற்கு முந்தின நாள் மீதி. உதிரி பாகங்களின் விலை ஏறினால் தாங்க, என் விலையில் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தேன். இந்த முறை கடன் இல்லை, சீட்டு இல்லை.

வரி விஷயத்தை ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். பொருளுக்கு வாங்கும் முன்பணத்துக்கு அப்போதே ஜிஎஸ்டி கட்ட வேண்டியதில்லை, பில் போடும்போதுதான். ஆனால் பாலக்காட்டுக்கு ஒன்றே ஒன்று விற்றாலும் அது வெளிமாநில விற்பனை. வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்ற வரம்பெல்லாம் அங்கே செல்லாது, ஜிஎஸ்டி பதிவு கட்டாயம்.

இன்னொன்று, மாதக் கணக்கு. எங்கள் பக்கம் மாசியில் கோனியம்மன் தேர், பங்குனியில் பண்ணாரி குண்டம், ஈரோடு பெரிய மாரியம்மன், பிறகு சித்திரை முழுக்க ஊர் ஊராகக் கச்சேரி. அந்த நேரத்தில் யாரும் கீபோர்டைக் கழற்றத் தர மாட்டார்கள். ஐப்பசியில் பெயர் பதியத் தொடங்கி, தை முடிவதற்குள் கருவி அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நீங்கள் எந்த மாடலுக்குச் செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். எக்ஸ்பி வரிசை என்றால் தகட்டின் அளவுகளை, பவுடர் கோட்டிங்குக்கு விட்ட இடத்தோடு சேர்த்து, அப்படியே தருகிறேன்.