பதில்: ‘காணி’ என்று தேடினால் ஏஐ ஏஜென்ட் “இல்லை” என்கிறது

சம்மாந்துறைக் கமக்கார அமைப்பின் பழைய கூட்டறிக்கைகளில் ‘காணி’ பக்கத்துக்குப் பக்கம் இருக்க, ஏஜென்ட் ஒன்றுமே இல்லை என்கிறது என்று எழுதியிருந்தீர்கள். மொடலை மாற்றிப் பலனில்லை. அது கோப்புகளில் எழுத்தைத் தேடும் கிரெப் என்ற கட்டளையை ஓட்டுகிறது, கிரெப் வெறுங்கையோடு வருகிறது, அவ்வளவுதான்.

பழைய கோப்பில் ஒரு வரியை கொப்பி பண்ணி நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக வந்தால் அது பாமினி, ஆங்கில எழுத்துகளைத் தமிழ் வடிவத்தில் காட்டும் பழைய எழுத்துரு. பாமினியில் ‘காணி’ கணினிக்கு எஃப், எச், இசட், பி என்ற நாலு ஆங்கில எழுத்துத்தான். இன்றைய பொதுக் குறியீடான யூனிகோட் தமிழில் தேடினால் எப்படி அகப்படும்? நம்ம பக்கத்து அலுவலகக் கோப்புகளில் பாதித் தலையிடி இதுதான். யூனிகோடுக்கு மாற்றி வேறு ஃபோல்டரில் வையுங்கள், மூலத்தைத் தொட வேண்டாம். முழுக் கோப்பையும் கண்ணை மூடிக்கொண்டு மாற்றினால் நடுவில் உள்ள ஆங்கிலப் பெயர்களும் குதறுப்படும். பாமினி எழுத்துரு போட்ட பகுதியை மட்டும் மாற்றுங்கள்.

வேர்டின் .docx கோப்பு உள்ளே ஸிப் (சுருக்கிக் கட்டிய பொதி) என்பதால் கிரெப்புக்கு அதன் எழுத்துத் தெரியாது, முதலில் டெக்ஸ்ட் ஆக்குங்கள். ஸ்கேன் செய்தவற்றுக்கு, படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் டெசராக்ட்.

பிறகு பேட்டர்ன், அதாவது தேடுவதற்குக் கொடுக்கும் எழுத்து வடிவம். ‘மட்டக்களப்பு’ என்று முழுதாகக் கொடுத்தால் ‘மட்டக்களப்பில்’ தப்பிவிடும். ‘மட்டக்களப்ப’ என்று நிறுத்தினால் இரண்டும் விழும். ‘வட்டவிதானை’யை ‘வட்ட ?விதான’ என்று கொடுங்கள், சிலர் இடைவெளி விட்டு எழுதுவார்கள், கேள்விக்குறி போட்டால் அந்த இடைவெளி இருந்தாலும் இல்லாவிட்டாலும் விழும். இதற்குக் கிரெப் என்றால் கூடவே மைனஸ் பெரிய ஈ (-E) தேவை, அதுபோன்ற இன்னொரு தேடல் கருவியான ரிப்கிரெப்புக்குத் தேவையில்லை.

ஏஜென்டுக்கான அறிவுறுத்தலில் இதையும் சேருங்கள்: “முடிவு வராவிட்டால் ‘இல்லை’ என்று சொல்லாதே, தேடிய பேட்டர்னைக் காட்டு.”