விசில் ஊத வந்த பையன்: ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதுரையில் சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் ஏரியாப் பிள்ளைகளுக்கு ஃபுட்பால் சொல்லித் தருகிறேன். காலேஜ் டீமில் ஆடியிருக்கிறேன், அவ்வளவுதான். முறையாகக் கோச்சிங் படித்ததில்லை. பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பதினாறு பேர். பக்கத்து ஏரியாக்காரர்களும் சேர்ந்து ஆறு டீம் வைத்து நாங்களே ஒரு லீக் நடத்துகிறோம். யாருக்கும் சம்பளம் கிடையாது.

என் மகனும் டீமில் இருக்கிறான். அவனை இறக்கினால் 'சொந்தப் பிள்ளை' என்கிறார்கள். உட்கார வைத்தால் வீட்டுக்கு வந்து அழுகிறான். அவனை வேறு டீமுக்கு அனுப்பிவிடலாமா, இல்லை நானே விலகிவிடலாமா என்று குழப்பமாக இருக்கிறது. பெற்றோரிடம் மாதம் 100 ரூபாய் வாங்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு ஆஃப்சைடு விதி (எதிர் டீம் தடுப்பு ஆட்களைத் தாண்டி முன்னாலேயே போய் நின்று பந்து வாங்கக் கூடாது என்பது) வேண்டுமா என்று எங்களுக்குள் வேறு சண்டை. போன மாதம் ஒரு மேட்சில் இரண்டடி தூரத்திலிருந்து எங்கள் பையன் அடித்த பந்து எதிர் டீம் பையன் கையில் பட்டது. கை உடம்போடுதான் இருந்தது, ஆனால் பட்டது பட்டதுதானே? ரெஃப்ரியாக வந்த காலேஜ் பையன் பெனால்டி கொடுக்கவில்லை. கொஞ்சம் சத்தம் போட வேண்டியதாகிவிட்டது. அதற்கு அப்புறம் அவன் வருவதில்லை. ரெஃப்ரிக்கு ஆள் கிடைப்பதும் கஷ்டமாக இருக்கிறது. நீங்கள் ஒரு காலத்தில் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்று படித்தேன். என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள தம்பி,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் கோபம். ஆறட்டும் என்று இருந்தேன், முழுதாக ஆறவில்லை. நான் காலையில் நடக்கப் போகும் மைதானத்தில் இப்போது பிள்ளைகள் ஆட்டம் நடக்கிறது. கோட்டுக்கு வெளியே நின்று அப்பாக்கள் போடும் சத்தத்தைக் கொஞ்ச நாளாகக் கேட்டு மனம் நொந்து கிடந்தேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கக் கடையில் நிற்கிற ஆள், ஓய்வாகக் கிடைக்கும் ஒரே நாளில் விடிவதற்கு முன்னால் எழுந்து பதினாறு பிள்ளைகளோடு மைதானத்தில் நிற்கிறார் என்றால் அது பெரிய காரியம். உங்கள் ஏரியாப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள். இதை மனதாரச் சொல்கிறேன். இனித் திட்டப் போகிறேன், அதையும் மனதாரத்தான்.

சின்ன விஷயங்களை முடித்துவிடலாம். 100 ரூபாய் தாராளமாக வாங்குங்கள், முடியாத வீட்டில் கேட்காதீர்கள், கணக்கை எல்லாரும் பார்க்கிற மாதிரி வையுங்கள். அந்தக் காசில் நாலாம் நம்பர் பந்து வாங்குங்கள். எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் அதுதான் பந்து. பெரியவர்கள் உதைக்கிற ஐந்தாம் நம்பர் பந்து பிள்ளைகள் காலுக்குக் கனம். ஆஃப்சைடுக்கு எதற்குச் சண்டை? கோட்டோரம் நின்று பார்க்கும் லைன்ஸ்மேன் இல்லாத ஆட்டத்தில் ஒரே ஆள் ஓடிக்கொண்டே அதைச் சரியாகப் பார்க்க முடியாது. ஏழு பேர் ஆட்டமாக வைத்துக்கொண்டு, ஆஃப்சைடு கிடையாது என்று ஆறு கோச்சும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

மகன் விஷயம். என் அக்கா மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அங்கே டோரன்ஸ் என்ற ஊரில் 1964-ல் அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன் என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். கோச்சும் ரெஃப்ரியும் பெரும்பாலும் பிள்ளைகளைப் பெற்றவர்களே, சம்பளம் இல்லாமல். 'எல்லாரும் ஆட வேண்டும்' என்பது அவர்களுடைய கொள்கை. டீமில் பெயர் இருக்கிற எந்தப் பிள்ளையும் ஒவ்வொரு ஆட்டத்திலும் பாதி நேரமாவது களத்தில் இருந்தாக வேண்டும். நீங்களும் ஒரு நோட்டுப் போட்டு யார் எத்தனை நிமிடம் ஆடினான் என்று எழுதி வையுங்கள். உங்கள் மகனுக்கும் அதே கணக்கு. நோட்டு இருந்தால் 'சொந்தப் பிள்ளை' பேச்சு தானாக அடங்கும். அவனை வேறு டீமுக்கு அனுப்புவதா என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அக்கா மகளைப் பற்றிச் சொன்னேன் இல்லையா, அவளும் அங்கே விசில் ஊதுகிறாள். பந்தை உதைத்தே பழக்கமில்லாதவள். மகளைச் சேர்க்கப் போன இடத்தில் ரெஃப்ரிக்கு ஆள் குறைகிறது என்றார்கள். வகுப்புக்குப் போய்ப் படித்துவிட்டு இறங்கிவிட்டாள். முதல் ஆட்டம் முடிந்ததும் எனக்குப் போன் பண்ணினாள். "மாமா, எல்லாரும் என்னையே பாக்குறாங்க. விசில வாயில வைக்கும்போது கை நடுங்குச்சு" என்றாள். அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. உங்கள் ரெஃப்ரிக்கு என்ன வயது தம்பி? பத்தொன்பதா, இருபதா?

'கொஞ்சம் சத்தம் போட வேண்டியதாகிவிட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். மழை பெய்தது என்பது மாதிரி, தானாக நடந்தது போல. சத்தம் போட்டது நீங்கள்.

அதுவும் அந்தப் பையன் சரியாகத்தான் கொடுத்திருக்கிறான். கையில் பந்து பட்டதெல்லாம் குற்றம் ஆகாது என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறது. கையைப் பந்தை நோக்கிக் கொண்டுபோயிருக்க வேண்டும், அல்லது கையை விரித்து உடம்பை இயல்புக்கு மீறிப் பெரிதாக்கியிருக்க வேண்டும். கையால் கோல் போட்டால் அது தனிக் கணக்கு. இரண்டடியிலிருந்து வந்த பந்து, கை உடம்போடு இருக்கிறது. இதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சின்னப் பையன் கையைக் கழற்றி வைத்துவிட்டா ஆடுவான்? உங்கள் ரெஃப்ரி படித்துவிட்டு வந்திருக்கிறான். நீங்கள் படிக்கவில்லை. படிக்காத ஆள் படித்த ஆளைப் பிள்ளைகள் முன்னால் அதட்டியிருக்கிறார்.

சரி, அவன் தப்பாகவே கொடுத்திருந்தால்? அப்போதும் இதையேதான் சொல்வேன். ஆட்டத்தின் சட்டம் மொத்தம் 17. அதில் ஐந்தாவது, நடுவரைப் பற்றியது. நடுவர் தன்னால் முடிந்த அளவுக்கு, தன் கருத்துப்படி முடிவெடுப்பார், அது இறுதியானது என்கிறது. அவர் தப்பே செய்யமாட்டார் என்று எங்கேயும் எழுதவில்லை. ஆரம்பத்தில் இந்த ஆட்டத்துக்கு இப்படி ஒரு ஆள் களத்துக்குள் கிடையாது. இரண்டு டீமும் ஆளுக்கு ஒரு அம்பயரைக் கூட்டி வரும். அவர்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வெளியே நிற்கும் மூன்றாவது ஆளிடம் போய்க் கேட்பார்கள். 'ரெஃபர்' பண்ணப்படுகிறவர், அதாவது போய்க் கேட்கப்படுகிறவர் என்பதால்தான் அவருக்கு ரெஃப்ரி என்று பெயர். 1891-ல் அவரை உள்ளே கொண்டுவந்து முடிவை அவர் கையில் கொடுத்தார்கள், அம்பயர்கள் கோட்டுக்குப் போனார்கள். ஆளுக்கு ஒரு நியாயம் பேசி ஆட்டத்தை முடிக்க முடியாமல் தவித்தவர்கள் கண்டுபிடித்த வழி அது.

2019-லிருந்து கோச்சுக்கும் மஞ்சள் அட்டை, சிவப்பு அட்டை காட்டலாம். டீம் ஆட்கள் உட்காரும் இடத்திலிருந்து யாரோ கத்துகிறார்கள், யார் என்று தெரியவில்லை என்றால், அங்கே இருக்கும் மூத்த கோச்சுக்கு அட்டை. உங்கள் பக்கத்திலிருந்து வரும் சத்தத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பது சட்டமே சொல்வது.

இவ்வளவு கோபமாக எழுத எனக்கு என்ன தகுதி என்றால், நான் இதைவிட மோசமாகச் செய்திருக்கிறேன்.

1987. எனக்கு இருபத்தாறு வயது. செல்லூர்ப் பிள்ளைகள் கொஞ்சம் பேரைச் சேர்த்து வைகை ஆற்றுக்குள் ஆட விட்டுக்கொண்டிருந்தேன். கல்பாலத்துக்குக் கொஞ்சம் தள்ளி மணல் நன்றாக இருக்கும். சவுக்குக் கம்பு நட்டுக் கோல் போஸ்ட். மணலில் சுண்ணாம்புக் கோடு நிற்காது, காலால் இழுப்போம், பத்து நிமிடத்தில் அழிந்துவிடும். ரெஃப்ரியாக அனுப்பானடியிலிருந்து ஐ.டி.ஐ. படிக்கிற பையன் ஒருவன் சைக்கிளில் வருவான். பதினேழு பதினெட்டு வயது இருக்கும். டீயும் இரண்டு வடையும் வாங்கிக் கொடுப்போம், அவ்வளவுதான் அவனுக்குக் கிடைத்தது. விசில்கூட என்னுடையதுதான், ஆட்டத்துக்கு முன்னால் கொடுத்து முடிந்ததும் வாங்கிக்கொள்வேன்.

ஒரு ஃபைனல். எங்கள் பையன் அடித்த பந்தை எதிர் டீம் கோல்கீப்பர் விழுந்து பிடித்தான். கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று கேட்டால், அங்கே கோடே இல்லை. ரெஃப்ரி கோல் இல்லை என்றான். நான் உள்ளே ஓடிப்போய், "எவ்வளவுடா வாங்குன?" என்று கேட்டேன். அத்தனை பிள்ளைகளும் கேட்டார்கள். அவன் பதில் சொல்லவில்லை. மீதி ஆட்டத்தை ஒழுங்காக நடத்தி முடித்தான். ஸ்கோரை எழுதி இரண்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கினான். என்னிடம் வந்து விசிலைச் சட்டையில் துடைத்து, "அண்ணே, உங்க விசில்" என்று கொடுத்துவிட்டு சைக்கிளை மணலில் தள்ளிக்கொண்டு போனான். டீ குடிக்கவில்லை. அப்புறம் வரவும் இல்லை. நான் தேடிப் போகவும் இல்லை. அதுதான் பெரிய தப்பு.

அடுத்த வாரம் பிள்ளைகள் அவர்களுக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஃபவுல் என்று கையைத் தூக்கினான். உடனே இன்னொருத்தன், பதினோரு வயதுப் பையன், "எவ்வளவுடா வாங்குன?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். என் வாக்கியம், என் குரல். அந்தப் பிள்ளைகளுக்குப் பந்தைக் காலின் உள்பக்கத்தால் தட்டச் சொல்லிக் கொடுக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆள் கிடைக்காமல் அப்புறம் நானே விசிலை எடுத்தேன். அப்போதுதான் தெரிந்தது. காலை வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். ஆறு பேர் ஒரே இடத்தில் மொய்க்கும்போது எந்தக் கால் பந்தில் பட்டது, எந்தக் கால் காலில் பட்டது என்று தெரியாது. ஃபவுல் என்று உடனே ஊதினால், அடிபட்டவனின் கூட்டாளி பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருப்பான், அவன் வாய்ப்பை நாமே கெடுத்திருப்போம். ஊதாமல் ஒரு நொடி பொறுக்கப் பழகவே மாதக்கணக்கில் ஆகும். ஒரு நாள் நானும் கோல் ஆகாத ஒன்றைக் கோல் என்று கொடுத்தேன். அந்தக் கோல்கீப்பர் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் பந்தை எடுத்து நடுவே உருட்டிவிட்டான். இருபத்தாறு வயதில் எனக்கு வராதது அவனுக்கு வந்தது.

அதனால் முப்பது வருடத்துக்கு மேலாக, காது கொடுத்தவர்களிடம் எல்லாம் ஒன்றையே சொல்லி வருகிறேன். விசில் ஊதிப் பார்க்காதவன் கோச்சாக நிற்கக் கூடாது. உங்கள் லீகில் ஆறு டீம், ஒரு ஞாயிற்றுக்கு மூன்று ஆட்டம். ஒரே மைதானத்தில் ஒன்றன்பின் ஒன்றாக வையுங்கள். தன் டீம் ஆடாத ஆட்டத்துக்கு ஒரு கோச் விசில் பிடிக்கட்டும். சுற்றி வந்தால் ஆளுக்கு இரண்டு ஞாயிற்றுக்கு ஒரு முறை. நேரமில்லை என்று ஒருத்தர் சொல்வார். விதி தெரியாது என்று இன்னொருத்தர் சொல்வார், பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மட்டும் எப்படித் தெரிந்தது என்று அவரைக் கேளுங்கள். யாரையும் விடாதீர்கள். கோட்டுக்கு வெளியே நின்று கத்துகிற அப்பாக்களையும் கூப்பிடுங்கள். பத்து நிமிடம், எட்டு வயதுப் பிள்ளைகளின் பயிற்சி ஆட்டம், விசிலைக் கையில் கொடுங்கள். திரும்பி வந்து கோட்டுக்கு வெளியே நிற்கும்போது அவர்கள் குரல் இறங்கியிருக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆள் கிடைக்கவில்லை என்று எழுதினீர்களே, ஆறு பேர் அங்கேயே நிற்கிறீர்கள்.

பக்கத்தில் திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவி, ஆட்டக்காரராக இருந்து நடுவரானவர். தமிழ்நாட்டிலிருந்து ஃபிஃபா நடுவரான முதல் பெண். அவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அனுப்பானடிப் பையன் ஞாபகம்தான் வரும். ஓடுவதில் சலிக்காதவன், கையெழுத்து அழகாக இருக்கும். அவன் எதுவரை போயிருப்பான் என்று பார்க்க நான் விடவில்லை.

உங்கள் ரெஃப்ரிப் பையன் காலேஜ் போகிறவன், வீடு எங்கே என்று யாருக்காவது தெரிந்திருக்கும். இந்த வாரமே போங்கள். உங்கள் மகனையும் டீமில் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஏனென்றால் நீங்கள் கத்தியது அவர்கள் முன்னால். 'அன்றைக்கு நீ கொடுத்தது சரி தம்பி, எனக்குத்தான் விதி தெரியவில்லை' என்று அவர்கள் கேட்கிற மாதிரிச் சொல்லுங்கள். நாலு பேர் பார்க்க இறங்கிவருவது கஷ்டம்தான். என்னால் முடியவில்லை, நீங்கள் செய்யுங்கள். அவன் வரமாட்டேன் என்று சொன்னாலும் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒரு விசிலை அவனுக்கென்றே வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மகனை வேறு டீமுக்கு அனுப்புவதா என்று கேட்டிருந்தீர்கள். இவ்வளவு நீளமாக எழுதிய கடிதத்தில் அவனுக்கு எந்த இடத்தில் ஆடப் பிடிக்கும் என்று ஒரு வரிகூட இல்லையே தம்பி. அவனிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள். அந்த ரெஃப்ரிப் பையன் வந்தானா என்பதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்