ஆவடி பீஷ்மாவுக்கு எந்த கிட்? டி-90 டாங்கி மாடல் வாங்குவோரின் கேள்விகள்

கேள்வி: என் அப்பா ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கே உருவான டி-90 பீஷ்மா டாங்கியின் பிளாஸ்டிக் மாடலை நானே ஒட்டி, பெயின்ட் அடித்து அவருடைய பிறந்தநாளுக்குக் கொடுக்க ஆசை. தேடினால் டி-90, டி-90ஏ, டி-90சி, டி-90எம்எஸ் என்று ஏகப்பட்ட பெட்டிகள் வருகின்றன. விலையும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கிறது. விமான மாடல்கள் சில ஒட்டியிருக்கிறேன், டாங்கி புதிது. எதை வாங்கலாம்? (வாசகி, பட்டாபிராம்)

பதில்: இந்தப் பரிசைப் பெறுபவர் அந்த வண்டியைத் தொட்டு வேலை செய்தவர். பிளாஸ்டிக்கின் தரத்தைவிட, "இது நம்ம வண்டிதானா?" என்பதைத்தான் அவர் முதலில் பார்ப்பார். அதனால் கம்பெனி எது என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, எந்த ரகம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

பீஷ்மா என்பது டி-90எஸ், அதாவது ஏற்றுமதி ரகம். 2001 பிப்ரவரியில் இந்தியா ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் 310 டாங்கிகளுக்கு. அதில் 124 முழுதாக வந்தன, மீதி 186 ஆவடியில் பாகங்களைக் கோத்து உருவாக்கப்பட வேண்டியவை. ஆவடியிலேயே தயாரான முதல் தொகுதி 2009 ஆகஸ்டில் ராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆரம்பத்தில் ரஷ்யாவிலிருந்து வந்தவற்றில் வார்ப்பு டரட் (பீரங்கி பொருத்திய, சுழலும் மேல்பகுதி) இருந்தது. அப்புறம் வந்தவற்றில் எஃகுத் தகடுகளைப் பற்றவைத்துச் செய்த டரட். வார்ப்பு டரட் உருண்டையாக இருக்கும், பற்றவைத்ததில் தட்டையான முகங்களும் மூலைகளும் தெரியும். முன்பக்கத்தை வெடிக்கவசக் கட்டிகள் (எதிரியின் குண்டு பட்டதும் வெடித்து அதன் தாக்கத்தைக் குறைப்பவை) மூடிவிடுவதால் பெட்டியின் மேலுள்ள படத்தில் இந்த வித்தியாசம் சட்டென்று பிடிபடாது. விற்பவர் ஸ்ப்ரூ (பாகங்கள் இணைந்தே வார்க்கப்பட்டு வரும் பிளாஸ்டிக் சட்டம்) படங்களைப் போட்டிருந்தால், டரட்டின் வெற்று மேல்பாகத்தை, குறிப்பாகப் பக்கமும் பின்பக்கமும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். உங்களுக்கு வேண்டியது தட்டை முகங்கள் கொண்டது.

அடுத்து 'சிவப்புக் கண்கள்'. ரஷ்யப் படையின் டி-90ஏ-வில் பீரங்கிக் குழலுக்கு இரண்டு பக்கமும் சிவப்பாக ஒளிரும் பெரிய விளக்குகள் போல இரண்டு இருக்கும். அவை ஷ்டோரா என்ற பாதுகாப்புக் கருவியின் பாகங்கள், எதிரி ஏவும் வழிகாட்டி ஏவுகணையைக் குழப்புவதற்கானவை. இந்திய டி-90-களில் ஷ்டோரா கிடையாது. அந்த இடத்திலும் கான்டாக்ட்-5 வெடிக்கவசக் கட்டிகளே இருக்கும். சிவப்புக் கண்ணோடு ஒரு 'பீஷ்மா'வைக் கொண்டுபோய் வைத்தால் அப்பா ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் கவனிப்பார்.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கடைக்குப் போவோம். 1/35 அளவில் (நிஜத்தில் 35-ல் ஒரு பங்கு) டிரம்பெட்டர் என்ற சீனக் கம்பெனி இந்திய டாங்கி என்றே பெயர் போட்டு ஒரு கிட் வெளியிட்டிருக்கிறது, எண் 05561. பெட்டியில் டி-90சி என்று இருக்கும். ரஷ்ய எழுத்தில் 'எஸ்' நம் கண்ணுக்கு 'சி' போலத் தெரிவதால் வந்த பெயர் அது, தனி ரகம் இல்லை. தேடும்போது டி-90எஸ் என்று மட்டும் போட்டால் இது வராமல் போகலாம், இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். உங்களுக்கு என் முதல் பரிந்துரை இதுதான். டிரம்பெட்டர் கிட்களில் பாகங்கள் மிக அதிகம், சின்னச் சின்னதாக இருக்கும். ட்ராக் (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டை) தனித்தனிக் கண்ணிகளாக வரும். ஒட்டுவதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் ஒரு மாதம் முன்கூட்டியே ஆரம்பித்தால் விமானம் ஒட்டிய கைக்கு முடியாத வேலை இல்லை.

இதே அளவில் பலரும் புகழ்வது மெங் கம்பெனியின் டி-90ஏ, எண் டிஎஸ்-006. கிட் என்று மட்டும் பார்த்தால் அந்தப் புகழ் நியாயமானதே. அச்சு கூர்மை. சஸ்பென்ஷன் அசையும், ட்ராக்கும் ஒட்டாமல் கோத்து ஓடவிடும்படி இருக்கும். ரஷ்ய டாங்கி வேண்டும் என்று யாராவது கேட்டால் யோசிக்காமல் இதைச் சொல்வேன். ஆனால் இது சிவப்புக் கண் ரகம். இதை பீஷ்மாவாக மாற்ற வேண்டுமானால் ஷ்டோரா பாகங்களை விட்டுவிட்டு, அந்த இடத்துக்கான கவசக் கட்டிகளை பிளாஸ்டிக் ஷீட்டில் வெட்டிச் செய்ய வேண்டும், இந்திய அடையாளங்களுக்கு டீகாலை (மாடலின் மேல் ஒட்டும் அடையாளப் படங்கள்) தனியாகத் தேட வேண்டும். முதல் டாங்கியிலேயே அந்தச் சுமையை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

ஸ்வெஸ்டா என்ற ரஷ்யக் கம்பெனியின் 1/35 டி-90 பல வருடமாகச் சந்தையில் இருப்பது. விலை குறைவு, பாகங்களும் குறைவு. அச்சு விவரங்கள் மற்ற இரண்டுக்கும் ஒரு படி கீழேதான். பணம் ஒரு கட்டுப்பாடு என்றால் எடுத்துக்கொள்ளலாம்.

டி-90எம்எஸ் என்று இருக்கும் எதையும் வாங்காதீர்கள். டைகர் மாடல், ஸ்வெஸ்டா இரண்டும் அதை 1/35-ல் விற்கின்றன. அதன் டரட்டின் வடிவமே வேறு, கவசமும் வேறு தலைமுறை. மலிவாகக் கிடைக்கிறது என்று பீஷ்மாவுக்காக அதை வாங்கினால் எந்த மாற்றம் செய்தாலும் பீஷ்மா ஆகாது.

நிறத்துக்குக் குடியரசு தின அணிவகுப்புப் படங்களைப் பாருங்கள். டெல்லியில் பீஷ்மா வருடாவருடம் போல வருகிறது, பக்கவாட்டுப் படங்கள் நிறையக் கிடைக்கும். மணல் மஞ்சளும் பச்சையும் கலந்த பட்டைகள்தான் பொதுவான தோற்றம். அதைவிட நல்ல வழி, அப்பாவிடமே பேச்சுவாக்கில் கேட்டு வைத்துக்கொள்வது. பெட்டியில் வரும் வண்ணத்தாளைவிட அவர் சொல்வதை நான் நம்புவேன்.

கேள்வி: 1/35, 1/48, 1/72 இவற்றில் டாங்கிக்கு எது நல்லது? வீட்டில் இடம் குறைவு. (மதுரை)

பதில்: டி-90 நிஜத்தில் குழலை முன்னே நீட்டிய நிலையில் சுமார் 9.5 மீட்டர். 1/35-ல் அது 27 சென்டிமீட்டர் சொச்சம், 1/72-ல் 13 சென்டிமீட்டர். அகலம் 1/35-ல் 11-க்குக் கொஞ்சம் குறைவு, 1/72-ல் 5-க்குக் கொஞ்சம் அதிகம். ஒரு ஸ்கேலை எடுத்து உங்கள் அலமாரியில் அளந்து பார்த்தால் பாதி முடிவு வந்துவிடும்.

டாங்கி மாடலில் 1/35-தான் பொது அளவு. ரகமும் தனியாகக் கிடைக்கும் உதிரிப் பொருள்களும் அதில்தான் அதிகம். இந்த விநோதமான எண்ணுக்கு ஒரு கதை உண்டு: 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானின் தமியா கம்பெனி மோட்டார் வைத்த பேந்தர் டாங்கியைச் செய்தபோது, உள்ளே பேட்டரி அடங்கும்படி அளவை வைத்தார்கள். கணக்குப் பார்த்தால் அது 1/35-க்குப் பக்கத்தில் வந்தது. அதையே உலகம் பின்பற்றிவிட்டது.

இடம் இல்லை என்றால் 1/72. ஸ்வெஸ்டா, ரெவெல் இரண்டு கம்பெனிகளிலும் அந்த அளவில் டி-90 உண்டு. வேலை சீக்கிரம் முடியும். 1/48 எனக்குப் பிடித்த அளவு, ஆனால் நவீன டாங்கிகள் அதில் குறைவு.

கேள்வி: வெளிநாட்டுத் தளங்களில் பார்க்கும் விலைக்கும் இங்கே உள்ள விலைக்கும் ஏன் இவ்வளவு இடைவெளி? நானே வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மிச்சமாகுமா? (கோயம்புத்தூர்)

பதில்: சுங்க வகைப்பாட்டில் ஸ்கேல் மாடல்களும் பொம்மைகளும் 9503 என்ற ஒரே தலைப்பில் வருகின்றன. பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்க வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023-ல் 70 ஆனது. அதற்கு மேல் ஜிஎஸ்டி, இறக்குமதி செய்பவரின் லாபம், கடைக்காரரின் லாபம். கடைக்காரர் கொள்ளையடிக்கிறார் என்று நினைக்கும் முன் இதைக் கணக்கில் வையுங்கள்.

நீங்களே வரவழைத்தாலும் வரி போகாது. வரி கிட்டின் விலைக்கு மட்டும் இல்லை, அனுப்பும் செலவையும் சேர்த்த தொகைக்குப் போடுவார்கள். பெரிய பெட்டிக்கு அனுப்பும் செலவே கணிசம். கூரியர் நிறுவனம் வரியை உங்கள் சார்பில் கட்டிவிட்டுத் தன் சேவைக் கட்டணத்தையும் சேர்த்து வாங்கும். 'அன்பளிப்பு' என்று எழுதி அனுப்பச் சொல்லும் யோசனையைக் கேட்காதீர்கள், 2019 டிசம்பரிலேயே அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள். இங்கே கிடைக்காத கிட் என்றால் மட்டும் வரவழையுங்கள்.

உள்ளூரில் வாங்கும்போது பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைத் தேடுங்கள். இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, அதிகபட்ச சில்லறை விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும் என்பது சட்ட அளவியல் விதி. ஸ்டிக்கரே இல்லாத பெட்டி கொஞ்சம் மலிவாக இருக்கும். ஆனால் உள்ளே குறை இருந்தால் யாரைக் கேட்பது? இதில் நான் கண்டிப்பானவன், ஸ்டிக்கர் இல்லாததை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

இன்னொன்று. ஒரே அச்சில் வார்த்த பிளாஸ்டிக் வேறு கம்பெனியின் பெட்டியில், வேறு விலையில் வருவது இந்தத் துறையில் சகஜம். பழைய அச்சுக்குப் புதிய படம் போட்டுப் 'புதிய கிட்' போலவும் விற்பார்கள். மாடல் கிட்களைப் பட்டியலிடும் ஸ்கேல்மேட்ஸ் இணையதளத்தில் கிட்டின் எண்ணைப் போட்டால் அந்த அச்சு எந்த வருடம் பிறந்தது, எந்தெந்தப் பெட்டியில் வந்தது என்ற வரலாறு கிடைக்கும். பணம் கட்டுவதற்கு முன் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் ஒரு டாங்கி கிட் வாங்கினேன். உள்ளே சக்கரங்கள் உள்ள ஸ்ப்ரூ ஒன்று இல்லை. "பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார் விற்பனையாளர். விட்டுவிட வேண்டியதுதானா? (திருச்சி)

பதில்: விடாதீர்கள். பிரிக்காமல் ஒரு ஸ்ப்ரூ குறைகிறது என்று யாருக்குத் தெரியும்? 2020-ன் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள்படி, குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பனையாளர் மறுக்கக் கூடாது. 'திரும்பப் பெறுவதில்லை' என்ற கடையின் சொந்த விதி இதற்கு மேல் நிற்காது.

செய்ய வேண்டியது இது. செய்முறைப் புத்தகத்தின் முதல் பக்கங்களில் எல்லா ஸ்ப்ரூவின் வரைபடமும் எழுத்தோடு இருக்கும். அந்தப் பக்கத்தை விரித்து, பக்கத்தில் உங்களுக்கு வந்த ஸ்ப்ரூக்களை அடுக்கி ஒரே படமாக எடுங்கள். எது இல்லை என்று அதிலேயே தெரிந்துவிடும். எந்தப் பாகத்தையும் இன்னும் வெட்டி எடுக்காதீர்கள். படத்தோடு, போனில் இல்லாமல் எழுத்தில், அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும்.

அதற்கும் அசையவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலும் அந்தக் கட்டத்தில் பேச்சு மாறிவிடும். மாறாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் சரி. 2019 சட்டம் தந்த வசதி அது. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இ-ஜாக்ருதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

பணம் வேண்டாம், அந்த ஒரு ஸ்ப்ரூ கிடைத்தால் போதும் என்றால், தயாரித்த கம்பெனிக்கும் கிட் எண்ணையும் ஸ்ப்ரூ எழுத்தையும் குறிப்பிட்டு எழுதிப் பாருங்கள். ஆனால் அதைக் காரணமாகச் சொல்லி விற்பனையாளர் உங்களைக் கம்பெனி பக்கம் தள்ளிவிட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். உங்களிடம் பணம் வாங்கியவர் அவர்.

கேள்வி: கிட் வாங்கியாகிவிட்டது. கூட என்னென்ன வாங்க வேண்டும்? தேவையில்லாமல் செலவு செய்ய விருப்பமில்லை. (சேலம்)

பதில்: ஸ்ப்ரூவிலிருந்து பாகத்தை வெட்ட ஒரு நல்ல பிளாஸ்டிக் கட்டர், இதில் சிக்கனம் வேண்டாம். மாடல் கத்தி, நுண்ணிய உப்புத்தாள், கூர்முனை இடுக்கி. பிளாஸ்டிக்குக்குத் தண்ணீர் போல ஓடும் மெல்லிய சிமென்ட், அது இரண்டு பாகங்களையும் கரைத்து ஒன்றாக்கும். கிட்டில் மெல்லிய உலோகத் தகட்டுப் பாகங்கள் இருந்தால் அந்த சிமென்ட் பிடிக்காது, அதற்கு ஃபெவிக்விக் மாதிரி சூப்பர் க்ளூ, ஊசி முனையில் எடுத்து. ரப்பர் போன்ற பெல்ட் ட்ராக்குக்கும் சிமென்ட் எல்லாக் கிட்டிலும் பிடிப்பதில்லை, செய்முறைத் தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயின்டை உள்ளூரில் வாங்குங்கள். தீப்பற்றும் லாக்கர் வகைப் பெயின்டுகளை விமானக் கூரியரில் அனுப்ப மாட்டார்கள். அக்ரிலிக் போதும், டாங்கிக்கு நாலைந்து நிறம் தாண்டாது. ஜன்னலைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், மெல்லிய சிமென்ட்டின் ஆவி நல்லதில்லை.

உலோகக் குழல், தனி ட்ராக் செட் என்று கிட் விலைக்குச் சமமாக உதிரிகள் விற்பார்கள். முதல் மாடலுக்கு அவை ஒன்றும் வேண்டாம். டி-90-ல் ஒரு பக்கத்துக்கே எண்பதுக்கு மேல் ட்ராக் கண்ணிகள். பெட்டியில் வந்ததையே சுத்தம் செய்து கோக்க உங்களுக்கு இரண்டு மூன்று மாலைகள் ஆகும்.