ரீஸ்லிங்: பாயசமா, பெட்ரோலா, புளியா?

போன மாசம் ரீஸ்லிங்ங்கற வெள்ளை ஒயின் பத்தி சும்மா ரெண்டு வரி எழுதினதுக்கு இன்பாக்ஸ் ரொம்பிடுச்சு. அதுல பாதிப் பேரு கேட்டது ஒரே கேள்வி, அதனால அதையே மொதல்ல எடுத்துக்கறேன்.

அக்கா, நான் ஃபிராங்க்ஃபர்ட்ல இருக்கேன். ரீஸ்லிங் வாங்கினா ஒரு தடவ பாயசம் மாதிரி இருக்கு, அடுத்த தடவ எலுமிச்சம்பழத்த கடிச்ச மாதிரி இருக்கு. வாங்கும்போதே எப்படி கண்டுபிடிக்கறது?

லேபிள்ல அந்த நீள நீள ஜெர்மன் வார்த்தைய எல்லாம் விட்டுட்டு ஆல்கஹால் எத்தனன்னு பாருங்க. ஈஸ்ட் சர்க்கரைய தின்னுதான் ஆல்கஹாலா மாத்துது, லிட்டருக்கு சுமாரா 17 கிராம் சர்க்கரை போனா ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும், அப்போ பாட்டில்ல 8 சதவீதம்னு போட்டிருந்தா ஈஸ்ட்ட பாதிலயே நிறுத்திட்டாங்க, மிச்ச சர்க்கரை உள்ளயே இருக்குன்னு அர்த்தம். 12, 12.5னு இருந்தா பெரும்பாலும் டிரை, அதாவது தித்திப்பு தெரியாது. நடுவுல 10, 11னா லேசா தித்திப்பு. இந்தக் கணக்கு எனக்கு ரொம்ப அபூர்வமாத்தான் தப்பியிருக்கு.

லேபிள்ல வர்ற கபினெட், ஷ்பேட்லேஸே, அவுஸ்லேஸே இதெல்லாம் இனிப்போட அளவுன்னு நிறைய பேரு நினைக்கறாங்க. இல்லங்க. அது பறிக்கும்போது திராட்சை எவ்ளோ பழுத்திருந்துச்சுங்கற கணக்கு. அதனாலதான் ‘ஷ்பேட்லேஸே ட்ரோக்கன்’னு ஒண்ணு கடையில நிக்குது, பழுத்த பழம், ஆனா ஒயின் டிரை. ட்ரோக்கன்னா ஜெர்மன்ல டிரைன்னு அர்த்தம், அப்படி இருந்தா கண்ண மூடிட்டு எடுக்கலாம், லிட்டருக்கு 9 கிராமுக்கு மேல சர்க்கரை இருக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு. பிரான்ஸ் அல்சாஸ் பக்கம் இத்தன நாளா வாங்கறவன் அதிர்ஷ்டம்னு விட்டிருந்தாங்க, 2021 அறுவடைல இருந்துதான் இனிப்பு அளவ லேபிள்ல போட்டே ஆகணும்னு ஆக்கினாங்க.

பெட்ரோல் வாசனை வருது, கெட்டுப் போச்சா?

கெட்டுப் போகல! ஒரு தடவ ரெஸ்டாரண்ட்ல ஜெர்மனியோட மோசல் பக்கத்து ரீஸ்லிங், 12 வருஷ பழைய பாட்டில் ஒண்ணு ஆசையா ஆர்டர் பண்ணிட்டு கை கழுவப் போனேன், திரும்பி வர்றதுக்குள்ள கூட வந்த ஃப்ரெண்டு மோந்து பாத்துட்டு ‘பெட்ரோல் பங்க் மாதிரி நாறுது’ன்னு சொல்ல, சர்வர் சாரி கேட்டுட்டு பாட்டிலையே எடுத்துட்டுப் போயிட்டாரு. அன்னிக்கு ராத்திரி எனக்கு சோறே இறங்கல.

அந்த வாசனைக்குக் காரணம் டிடிஎன் (TDN)னு ஒரு ரசாயனப் பொருள். திராட்சைத் தோல்ல இருக்கற கரோட்டினாய்டு உடைஞ்சு வருது. பழத்து மேல வெயில் நல்லா பட்டா அதிகம், பாட்டில்ல வருஷம் ஏற ஏற இன்னும் அதிகம். இளசான பாட்டில்லயே குப்புன்னு அடிச்சா எனக்கும் பிடிக்காது, ஆனா பத்து வருஷம் கழிச்சு தேன், ஆரஞ்சுத் தோலோட சேர்ந்து லேசா வந்தா அதுக்காகத்தான் காத்திருந்தோம்.

மெல்போர்ன்ல கிடைக்கற கிளேர் வேலி ரீஸ்லிங்கும் ஜெர்மன் ரீஸ்லிங்கும் ஒரே திராட்சையா? நம்பவே முடியல.

ஒரே திராட்சைதான். ஜெர்மனியில 1435லயே கணக்குப் புத்தகத்துல இதோட பேரு இருக்கு, அவ்ளோ பழசு. மோசல் நதி ஓரத்துல செங்குத்தான சரிவு, ஸ்லேட் கல்லு, குளிரு. பழம் மெதுவா பழுக்கும், புளிப்பு குறையாது, அந்தப் புளிப்ப சமாளிக்கத்தான் கொஞ்சம் சர்க்கரைய விட்டு வைக்கறாங்க. வாசனைல பச்சை ஆப்பிள், பீச், வெள்ளைப் பூ. ஆஸ்திரேலியாவோட கிளேர் வேலியில பகல்ல நல்ல வெயில், ராத்திரி குளிரு, அங்க சுத்தமா டிரையா பண்றாங்க, லைம் ஜூஸ் பிழிஞ்ச மாதிரி இருக்கும். 2000ல அந்த ஊர் ஆளுங்க பல பேரு ஒண்ணா சேர்ந்து கார்க்க தூக்கிப் போட்டுட்டு திருகு மூடிக்கு மாறினாங்க, அதனால மூடியப் பாத்து சீப் சரக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

ஆஸ்திரியாவோட வாஹாவ் பக்கத்து ரீஸ்லிங் ரெண்டுக்கும் நடுவுல, டிரைதான், ஆனா வாயில கொஞ்சம் கனமா இருக்கும். அங்க ‘ஸ்மராக்ட்’னு போட்டிருந்தா 12.5 சதவீதத்துக்கு மேல. தோட்டத்துல வெயில் காயற பச்சைப் பல்லியோட பேரு அது.

வெல்ஷ்ரீஸ்லிங் விலை கம்மியா இருக்கே, வாங்கலாமா?

வாங்குங்க, ஆனா அது ரீஸ்லிங் இல்ல, வேற திராட்சை. பேரு மட்டும்தான் ஒண்ணு, சொந்தம் கிடையாது.

ஐஸ்வைன் ஏன் இந்த விலை?

பழம் செடியிலயே மைனஸ் 7 டிகிரியில உறையணும், உறைஞ்சபடியே பிழியணும். தண்ணி ஐஸா நின்னுடும், சொட்டு சொட்டா சாறு மட்டும் வரும். 2019 அறுவடைக்கு குளிரே வராம ஜெர்மனியில ஐஸ்வைனே இல்லாம போச்சு.

செட்டிநாடு சிக்கனுக்கு சரி வருமா?

8, 9 சதவீத மோசல் கபினெட் எடுங்க. ஆல்கஹால் ஏற ஏற காரம் இன்னும் எரியும், இதுல ஆல்கஹால் கம்மி, இருக்கற தித்திப்பு மிளகு எரிச்சல அமத்திடும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்து பத்து நிமிஷம் வெளிய வெச்சுட்டு ஊத்துங்க, ஐஸ் மாதிரி இருந்தா வாசனையே வராது.

பாட்டில் அடியில கண்ணாடித் தூள் மாதிரி கிடக்கு, பயமா இருக்கு.

கண்ணாடி இல்ல, டார்டாரிக் அமிலத்தோட உப்பு. நம்ம புளிக்குப் புளிப்பு குடுக்கறதும் அதே அமிலம்தான். குளிர்ல படிகமாயிடும், ஜெர்மன்காரங்க இத ‘ஒயின் கல்’னே சொல்றாங்க. மெதுவா ஊத்துங்க, கடைசி வாய் மட்டும் பாட்டில்லயே விட்டுடுங்க.