காசு கட்டியாச்சு, கரன்ட் எப்ப வரும்?

கேள்வி: ஒரு ரூமும் சமையல்கட்டும் மட்டும் கட்டி குடி வந்துட்டோம். கரன்ட்டுக்கு ஆன்லைன்ல அப்ளை பண்ணி பணமும் கட்டி 11 வாரம் ஆச்சு. போறப்பல்லாம் மீட்டர் ஸ்டாக் இல்லங்கறாங்க, இல்லன்னா சார் லீவுங்கறாங்க. பக்கத்து வீட்ல இருந்து ஒயர் இழுத்து ஒரு லைட்டும் ஃபேனும் ஓடுது, அவங்க மோட்டர் போட்டா எங்க லைட் மங்கிடும், மக பத்தாவது, அந்த வெளிச்சத்துலதான் படிக்கறா. நாங்க ஆபீஸ் போன தேதி, யார் என்ன சொன்னாங்க எல்லாத்தையும் என் மாமியார் காலண்டர்ல கிழிச்ச தாளுக்குப் பின்னாடி எழுதி வச்சிருக்காங்க. நஷ்டஈடு கேட்க முடியுமா? கேட்டா கனெக்ஷனே கொடுக்காம இழுத்தடிப்பாங்களோன்னு பயமா இருக்கு.

பதில்: தாராளமா கேட்கலாம்மா. முதல்ல உங்க மாமியாருக்கு ஒரு கும்பிடு, அந்தத் தாள்தான் உங்க பலம், ஒண்ணைக்கூட தூக்கிப் போட்றாதீங்க.

மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 43 என்ன சொல்லுதுன்னா, வீட்டு ஓனரோ அதுல குடியிருக்கறவரோ விண்ணப்பிச்சா ஒரு மாசத்துக்குள்ள சப்ளை கொடுத்தாகணும். அப்புறம் 2020 டிசம்பர் 31ல மத்திய அரசு கொண்டுவந்த மின் நுகர்வோர் உரிமை விதிகள் இந்தக் கெடுவை இன்னும் சுருக்கிடுச்சு, 2024 பிப்ரவரி திருத்தத்துக்கப்புறம் பெருநகரத்துக்கு 3 நாள், மத்த நகராட்சிப் பகுதிக்கு 7 நாள், கிராமத்துக்கு 15 நாள், மலைப்பாங்கான கிராமம்னா 30 நாள். நீங்க 11 வாரமா காத்திருக்கீங்க, அதாவது 77 நாள்.

ஆனா இதுல ஒரு முடிச்சு இருக்கு, நிறைய பேர் இங்கதான் தோத்துப் போறாங்க. நாள் எண்ணிக்கை நீங்க பட்டனை அமுக்கின அன்னைக்கு ஆரம்பிக்காது, எல்லா டாக்குமெண்ட்டும் சேர்ந்து, கட்ட வேண்டிய பணமும் கட்டி, விண்ணப்பம் முழுசான நாள்ல இருந்துதான் ஓடும். அதனால அந்தத் தேதி எதுன்னு எழுத்துல இருக்கணும். "உங்க ஃபைல்ல ஒரு பேப்பர் குறையுது"ன்னு வாயால சொன்னா, என்ன பேப்பர்னு எழுதிக் கொடுங்க சார்னு கேளுங்க. பணம் கட்டின ரசீது, விண்ணப்ப எண் வந்த எஸ்எம்எஸ் ரெண்டையும் பிரின்ட் போட்டு வச்சுக்கோங்க.

மீட்டர் ஸ்டாக் இல்லங்கறது எனக்கு ரொம்ப கோபம் வரவைக்கிற பதில். பிரிவு 44 விதிவிலக்கு கொடுக்குது, ஆனா அது புயல், வெள்ளம் மாதிரி அவங்க கையை மீறின காரணங்களுக்குத்தான், மீட்டருக்கு முன்கூட்டியே ஆர்டர் போடாததையெல்லாம் அதுல சேர்க்கறது நியாயமே இல்ல. பிரிவு 55ன்படி நீங்களே மீட்டர் வாங்கிக்கவும் வழி இருக்கு, அவங்க ஏத்துக்கற ரகமா இருக்கணும் அவ்ளோதான், அதனால வாங்கறதுக்கு முன்னாடி எந்த ரகம்னு எழுத்துல கேட்டுக்கோங்க.

வாட்ஸ்அப்ல ஒரு நாளைக்கு 1000 ரூபா உங்களுக்குக் கிடைக்கும்னு சுத்துது பாருங்க, அதை அப்படியே நம்பிடாதீங்க. பிரிவு 43ல இருக்கறது அபராதம், ஒரு நாளைக்கு 1000 ரூபா "வரைக்கும்" போடலாம், அந்தக் காசு விண்ணப்பிச்சவருக்குப் போகணும்னு அந்தப் பிரிவு சொல்லல. உங்க கைக்கு வர்ற நஷ்டஈடு பிரிவு 57ல இருக்கு. எந்த வேலை எத்தனை நாள்ல முடியணும், முடியலன்னா எவ்ளோ தரணும்னு மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும், அப்படி நிர்ணயிச்ச தொகையை 90 நாளைக்குள்ள கொடுத்துடணும். அபராதம் போட்டாங்கறதுக்காக நஷ்டஈடு இல்லாமப் போயிடாது, ரெண்டும் தனித்தனி. கேட்கறப்போ ரெண்டு பிரிவையும் பேர் சொல்லிக் கேளுங்க.

முதல்ல செக்ஷன் ஆபீஸ்ல லெட்டர் கொடுத்து நகல்ல சீல் வாங்குங்க. பதில் வரலன்னா பிரிவு 42ன்படி அமைச்சிருக்கற நுகர்வோர் குறைதீர் மன்றம், அங்கயும் சரியா வரலன்னா மின் குறைதீர்ப்பாளர், அதாவது ஆம்பட்ஸ்மேன். வக்கீல் வச்சே ஆகணும்னு இல்ல. புகார் கொடுத்தா கனெக்ஷன் கொடுக்க மாட்டாங்களோன்னு பயப்படாதீங்க, சப்ளை கொடுக்கறது அவங்க சட்டப்படி செஞ்சாக வேண்டிய கடமை, புகார் எழுத்துல போனப்புறம் காரணத்தையும் அவங்க எழுத்துலதான் சொல்லியாகணும்.

ஒண்ணே ஒண்ணு, அந்தப் பக்கத்து வீட்டு ஒயரை இன்னைக்கே எடுத்துடுங்க. ஒரு இடத்துக்கு அனுமதிச்ச கரன்ட்டை இன்னொரு இடத்துக்குக் கொண்டு போனா பிரிவு 126ல அனுமதியில்லாத உபயோகம், ரெண்டு மடங்கு கட்டணம் போட்டு அந்தப் பாவப்பட்ட பக்கத்து வீட்டுக்காரங்க தலைல விழும். தாமதம் கரன்ட் ஆபீஸோடது, மாட்டிக்கறது நீங்களும் உதவி பண்ணினவங்களும்னா மனசு எப்படி ஆறும்? கொஞ்ச நாளைக்கு சோலார் லைட்டோ ரீசார்ஜ் லைட்டோ வச்சு சமாளிங்க, அதோட பில்லையும் பத்திரப்படுத்துங்க, தாமதத்தால வந்த செலவுன்னு காட்டலாம்.

கேள்வி: வாடகைக்கு இருக்கேன். ஓனர் என்ஓசி, அதாவது ஆட்சேபணையில்லா சான்று தரமாட்டேங்கறார், அதனால ஆபீஸ்ல ஃபைலை நகர்த்தவே இல்ல. என்னால ஏதாவது பண்ண முடியுமா?

பதில்: முடியும் தம்பி. சட்டத்துல குடியிருக்கறவர்னே போட்டிருக்கு. 2022ல உச்ச நீதிமன்றமும் மின்சாரம் அடிப்படை வசதி, ஓனர் ஆட்சேபணையில்லா சான்று தரலங்கற ஒரே காரணத்துக்காக வாடகைதாரருக்கு மறுக்கக் கூடாதுன்னு சொல்லிடுச்சு. நீங்க அங்க குடியிருக்கறதுக்கான அத்தாட்சியைக் கொடுத்து விண்ணப்பத்தை முழுசாக்குங்க.

கேள்வி: எங்க தெருவுல கம்பமே இல்ல, லைன் நீட்டணும்ங்கறாங்க. எங்களுக்கும் அதே கெடுதானா?

பதில்: இல்லங்க, லைன் நீட்டணும், புது சப்ஸ்டேஷன் வேணும்னா ஆணையம் தனியா வச்சிருக்கற கெடு பொருந்தும். ஆனா உங்களுக்கு உண்மையிலயே லைன் நீட்டணுமா, எத்தனை கம்பம்னு எஸ்டிமேட்டை எழுத்துல வாங்குங்க, பக்கத்துலயே கம்பம் இருக்கறப்போ சும்மா சொல்ற சாக்கா இருக்கக் கூடாது இல்லையா. கரன்ட் கொடுக்கறது அரசு நிறுவனமா இருந்தா தகவல் உரிமைச் சட்டத்துல ஃபைல் எந்த மேஜைல இருக்குன்னு கேளுங்க, 30 நாள்ல பதில் வரணும்.

கேள்வி: சார், இவ்ளோ அலைஞ்சு கிடைக்கறது சொற்பத் தொகை. மெனக்கெடணுமா? எனக்குப் போன வாரம் கனெக்ஷனும் வந்துடுச்சு.

பதில்: உங்க அலுப்பு புரியுது, நியாயமானதுதான். பாதிக்கப்பட்டவரே படியேறிக் கேட்கணும்ங்கற முறையே தப்புன்னு நான் நினைக்கறேன். பிரிட்டன்ல 2019 ஏப்ரல்ல இருந்து, தானாவே நஷ்டஈடு கொடுக்கற திட்டத்துல சேர்ந்திருக்கற போன், பிராட்பேண்ட் கம்பெனிகள் சொன்ன தேதிக்கு கனெக்ஷன் கொடுக்கலன்னா, யாரும் கேட்காமலே தாமதமான ஒவ்வொரு நாளைக்கும் கணக்குல காசு ஏறுது, ஆரம்பிச்சப்போ அது 5 பவுண்ட். நம்ம 2020 விதிகள்லயும் தானாவே கணக்கு பார்த்துக் கொடுக்கற நஷ்டஈடு இருக்கு. விண்ணப்பத் தேதியும் இணைப்புத் தேதியும் அவங்க கம்ப்யூட்டர்லயே இருக்கறப்போ, அடுத்த பில்லுல கழிச்சுக் கொடுக்க என்ன கஷ்டம்?

கனெக்ஷன் வந்துட்டதால உங்க உரிமை போயிடாது. தாமதத்தால வாடகை, ஜெனரேட்டர்னு பெருசா நஷ்டம்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், மின் சேவைக் குறைபாட்டுக்கு அங்க வழக்கு நடக்கும்னு 2013லயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிடுச்சு. நீங்க குடியிருக்கற மாவட்டத்துலயே போடலாம், சேவைக்கு நீங்க கட்டின பணம் 5 லட்சம் வரைக்கும்னா ஃபீஸ் கிடையாது, வழக்கு போட கெடு ரெண்டு வருஷம். மீட்டர் மாட்டின தேதி போட்ட மீட்டர் கார்டை மட்டும் தொலைச்சுடாதீங்க.